ஸ்டார் வார்ஸ் கிளைப்படங்கள்: ரோக் ஒன், சோலோ

ஸ்டார் வார்ஸ் கிளைப்படங்கள் என்பவை, ஸ்டார் வார்ஸ் என்னும் அமெரிக்க அறிவியல் புனைவுப் படத்தொடரின் முதன்மைக் கதைக்கு வெளியே, அதே கற்பனை உலகில் நிகழும் தனிக்கதைகளைச் சொல்லும் திரைப்படங்கள். எண்ணிட்டு வரும் முதன்மை வரிசை ஸ்கைவாக்கர் குடும்பத்தின் கதை. கிளைப்படங்கள் அந்தக் குடும்பத்தை விட்டு விலகி, அதன் ஓரத்தில் நின்றவர்களைப் பற்றிப் பேச முயல்கின்றன. 'ஒரு ஸ்டார் வார்ஸ் கதை' என்று பொருள்படும் துணைத்தலைப்புடன் இவ்வகையில் இரண்டு படங்கள் திரையரங்குகளுக்கு வந்தன. ஒன்று கேரத் எட்வர்ட்ஸ் இயக்கிய 'ரோக் ஒன்' (2016). மற்றொன்று ரான் ஹோவர்ட் இயக்கிய 'சோலோ' (2018).

இரண்டும் 1977ஆம் ஆண்டின் முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்கு முந்தைய காலத்தில் நடப்பவை. இரண்டின் முடிவும் பார்வையாளருக்கு முன்பே தெரியும். இரண்டிலும் படப்பிடிப்புக்குப் பின்னரோ நடுவிலோ இயக்கும் கை மாறியது. ஆனால் ஒன்று உலகெங்கும் 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்து, தொடரின் சிறந்த படங்களுள் ஒன்றாக நினைக்கப்படுகிறது. மற்றொன்று 40 கோடி டாலரை எட்டாமல் நின்று, கிளைப்படத் திட்டத்தையே முடக்கியது. வெளியீட்டுத் தேதி, விளம்பரம், நடிகர் தேர்வு எனப் பல காரணங்கள் சொல்லப்பட்டாலும், அடிப்படை வேறுபாடு இரண்டு படங்களும் எழுப்பும் கேள்வியில் இருக்கிறது.

பின்னணி

ஜார்ஜ் லூக்காஸ் உருவாக்கிய முதல் படம் 1977 மே 25 அன்று வெளியானது. அதன் வெற்றிக்குப் பின் முதன்மைக் கதைக்கு வெளியே செல்லும் முயற்சிகள் விரைவிலேயே தொடங்கின. 1978இல் ஒரு தொலைக்காட்சி விடுமுறைச் சிறப்பு நிகழ்ச்சி ஒளிபரப்பானது. 1983இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' படத்தில் இடம்பெற்ற ஈவாக் என்னும் குட்டையான காட்டுவாசிகளை வைத்து 1984, 1985 ஆண்டுகளில் இரண்டு தொலைக்காட்சிப் படங்கள் எடுக்கப்பட்டன. 2008இல் 'தி குளோன் வார்ஸ்' என்னும் அசைவூட்டப் படம் திரையரங்குகளுக்கு வந்தது. அது அதே பெயரிலான தொலைக்காட்சித் தொடருக்கு முன்னோட்டமாகவே அமைந்தது. இவை பெரும்பாலும் சிறுவர்களை மனத்தில் கொண்டவை. முதன்மைப் படங்களுக்கு இணையான பொருட்செலவும் தீவிரமும் இவற்றுக்கு அளிக்கப்படவில்லை.

2012 அக்டோபரில் டிஸ்னி நிறுவனம் சுமார் 405 கோடி டாலருக்கு லூக்காஸ்ஃபிலிமை வாங்குவதாக அறிவித்தபோது நிலைமை மாறியது. புதிய முதன்மைப் படங்கள் ஓராண்டு விட்டு ஓராண்டு வரும். இடைப்பட்ட ஆண்டுகளில் தனிப்படங்கள் வரும். இதுவே திட்டம். வணிக நோக்கில் இது ஆண்டுதோறும் ஒரு படம் என்ற ஏற்பாடு. கலை நோக்கில் இது ஒரு வாய்ப்பாகவும் இருந்தது. மூன்று படங்களுக்குக் கதையை இழுக்க வேண்டியதில்லை. கதாநாயகரை அடுத்த படத்துக்காகக் காப்பாற்றி வைக்கவும் வேண்டியதில்லை. இந்த வாய்ப்பை இரண்டு படங்களும் எப்படிப் பயன்படுத்தின என்பதைக் கொண்டே அவற்றை மதிப்பிட வேண்டும்.

ரோக் ஒன்: முன்னுரையிலிருந்து ஒரு படம்

1977ஆம் ஆண்டுப் படம் மஞ்சள் எழுத்துகளில் மேலேறிச் செல்லும் ஒரு முன்னுரையுடன் தொடங்கும். கிளர்ச்சியாளர்களின் ஒற்றர்கள் டெத் ஸ்டார் என்னும் பேரழிவு ஆயுதத்தின் வரைபடங்களைத் திருடிவிட்டார்கள் என்ற செய்தி அதில் ஒரு வாக்கியமாக வரும். அந்த ஒற்றர்கள் யார், என்ன ஆனார்கள் என்பதை அந்தப் படம் சொல்வதில்லை. அதன் இறுதியில் லூக் ஸ்கைவாக்கருக்கும் ஹான் சோலோவுக்கும் பதக்கம் அணிவிக்கப்படுகிறது. வரைபடத்தைக் கொண்டுவந்தவர்களைப் பற்றி அங்கே பேச்சே இல்லை.

லூக்காஸ்ஃபிலிமின் வரைகலைப் பிரிவான இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்கில் விஷுவல் எஃபெக்ட்ஸ் மேற்பார்வையாளராகப் பணிபுரிந்த ஜான் நோல் அந்த வாக்கியத்தில் ஒரு படம் இருப்பதைக் கண்டார். கதை அவருக்கும் கேரி விட்டாவுக்கும் உரியது. திரைக்கதையை கிறிஸ் வைட்ஸ், டோனி கில்ராய் ஆகியோர் எழுதினர்.

டெத் ஸ்டாரை வடிவமைக்கக் கட்டாயப்படுத்தப்படும் விஞ்ஞானி கேலன் எர்சோ, தன் பழியைத் தீர்த்துக்கொள்ள அந்த ஆயுதத்துக்குள்ளேயே ஒரு பலவீனத்தை மறைத்து வைக்கிறார். அவருடைய மகள் ஜின், கிளர்ச்சிப் படையின் உளவு அதிகாரி காசியன் ஆண்டோர், பேரரசை விட்டு ஓடிவந்த சரக்குக் கப்பல் ஓட்டி போதி ரூக், ஜெடா நகரக் கோயிலின் பழைய காவலர்களான சிர்ரூட், பேஸ், மறுநிரலிடப்பட்ட இயந்திர மனிதன் கே-2எஸ்ஓ ஆகிய அறுவரும் வரைபடத்தைத் தேடிச் செல்கிறார்கள். அறுவரும் இறந்துபோகிறார்கள்.

இவ்வளவு பெரிய பொருட்செலவில் எடுக்கப்பட்ட படத்தில் முன்னணிக் கதாபாத்திரங்கள் அனைவரும் இறப்பது அரிது. முதன்மை வரிசையில் இதற்கு இடமில்லை. தனிப்படம் என்ற வடிவம் கொடுத்த சுதந்திரத்தின் நேரடி விளைவு இது. பல ஆண்டுகளாக ரசிகர்கள் கேலி செய்துவந்த ஒரு விஷயத்துக்கும் படம் விடை தருகிறது. இத்தனை பெரிய ஆயுதத்தை ஒரே குண்டில் அழிக்கும்படி யாராவது வடிவமைப்பார்களா என்ற கேள்வி அது. கேலன் எர்சோ அந்த ஓட்டையை ஒரு நாசவேலையாக மாற்றிவிடுகிறார். ரசிகர்களின் சந்தேகத்தைத் தீர்ப்பதோடு இந்த விடை நிற்பதில்லை. கொடுங்கோல் அரசுக்கு வேலை செய்யும் அறிவாளி, வேலையை மறுத்து இறப்பதா, உள்ளே இருந்துகொண்டு கெடுப்பதா என்ற அறச்சிக்கலாக அது வளர்கிறது. தான் மறுத்திருந்தாலும் வேறொருவர் அதைக் கட்டி முடித்திருப்பார் என்பது கேலனின் வாதம். அந்த வாதம் சரியா என்பதைப் படம் முழுமையாகத் தீர்த்துவைப்பதில்லை. அவர் கட்டிய ஆயுதம் ஜெடா நகரத்தை அழிப்பதையும் அது காட்டிவிடுகிறது.

ஒற்றனைக் கொல்லும் காட்சி

காசியன் ஆண்டோர் அறிமுகமாகும் காட்சி இந்தப் படத்தின் திறவுகோல். ஒரு நெரிசலான வணிக நிலையத்தின் சந்துக்குள் அவர் தன் உளவாளி ஒருவரைச் சந்தித்துச் செய்தி பெறுகிறார். பேரரசின் படைவீரர்கள் நெருங்குகிறார்கள். உளவாளிக்குக் கையில் காயம். சுவரேறித் தப்ப முடியாது. பிடிபட்டால் செய்தி வெளியே போய்விடும். காசியன் அவரைத் தேற்றுவதுபோல் பேசிவிட்டுச் சுட்டுக் கொல்கிறார். பிறகு தான் மட்டும் ஏறித் தப்புகிறார்.

அதுவரை ஸ்டார் வார்ஸ் படங்களில் நன்மையும் தீமையும் ஒளிவாளின் நிறத்தைப் போலப் பிரிந்து நின்றன. கிளர்ச்சியாளர் என்றாலே நல்லவர். இங்கே நல்ல தரப்பைச் சேர்ந்தவர், தன்னை நம்பிய மனிதரைக் கொல்கிறார். அது தவறு என்று படம் உரக்கச் சொல்வதில்லை. சரி என்றும் சொல்வதில்லை. அந்தச் செயலைச் சுமந்துகொண்டே அவர் கதை முழுவதும் நடக்கிறார். ஈடு என்னும் மழைக்கோளில் கேலனைக் கொல்லும்படி அவருக்கு உத்தரவு இருக்கிறது. குறி பார்த்துவிட்டு அவர் சுடாமல் விடுகிறார். ஆனால் கிளர்ச்சிப் படையின் விமானங்கள் வீசும் குண்டில் கேலன் இறக்கிறார். தனி மனிதர் ஒருவர் மனம் மாறினாலும் போர் மாறுவதில்லை.

பின்னர் கிளர்ச்சித் தலைமை வரைபடத்தைத் திருடும் திட்டத்தை ஏற்க மறுக்கிறது. அப்போது ஜின்னுடன் வர முன்வருபவர்கள் காசியனைப் போன்றவர்கள்தாம். கிளர்ச்சிக்காகக் கொடிய செயல்களைச் செய்தவர்கள். இந்தப் போராட்டம் தோற்றால் தாங்கள் செய்தவற்றுக்குப் பொருளே இல்லாமல் போகும் என்பதால் வருகிறார்கள். ஸ்காரிஃப் கடற்கரையில் நடக்கும் இறுதிப் போரின் உணர்ச்சி வலிமை இங்கிருந்து வருகிறது. தூய்மையானவர்களின் தியாகமாக அல்லாமல், கறைபட்டவர்களின் கடன் தீர்ப்பாக அது விரிகிறது.

படத்துக்குக் குறைகளும் உண்டு. முதல் அரைமணி நேரத்தில் கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறுவதால் பார்வையாளர் நிலைகொள்ள நேரமாகிறது. எதிலும் பற்றில்லாத ஜின், தந்தையின் செய்தியைக் கேட்டதும் கிளர்ச்சித் தலைமையிடம் உரையாற்றும் அளவுக்கு மாறுவது போதிய படிகளின்றி நிகழ்கிறது. ஃபாரஸ்ட் விட்டேக்கர் நடித்த சா கெரேரா, போராட்டம் ஒரு மனிதரை எந்த எல்லைக்குக் கொண்டுபோகும் என்பதைக் காட்டக்கூடிய கதாபாத்திரம். அவரைப் படம் அவசரமாக முடித்துவிடுகிறது.

சோலோ: பொருள்களின் பூர்வகதை

'சோலோ' எதிர்த்திசையில் தொடங்குகிறது. பெயர் தெரியாதவர்களைத் தேடிப் போகாமல், தொடரின் மிகப் புகழ்பெற்ற கதாபாத்திரங்களுள் ஒருவரை அது எடுத்துக்கொள்கிறது. ஹாரிசன் ஃபோர்டு நடித்துப் புகழ்பெற்ற ஹான் சோலோவின் இளமைப் பருவத்தில் ஆல்டன் ஏரன்ரைக் நடித்தார். திரைக்கதையை லாரன்ஸ் காஸ்டனும் அவருடைய மகன் ஜானத்தன் காஸ்டனும் எழுதினர். லாரன்ஸ் காஸ்டன், 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' (1980), 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' ஆகிய படங்களின் திரைக்கதையில் பங்காற்றியவர். ஹானை நன்கு அறிந்தவர். எனவே அறியாமையால் இந்தப் படம் சறுக்கியது என்று சொல்ல முடியாது.

ஹானிடம் இருக்கும் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்பதற்குப் படம் விடை சொல்லிக்கொண்டே போகிறது. சோலோ என்ற பெயர் பேரரசுப் படைக்கு ஆளெடுக்கும் அதிகாரி வைத்தது. துப்பாக்கி டோபியாஸ் பெக்கட் என்னும் கொள்ளையர் கொடுத்தது. சூபாக்காவை ஒரு சேற்றுக் குழியில் சந்தித்தார். மில்லேனியம் ஃபால்கன் விண்கலத்தை லாண்டோ கால்ரிசியனிடம் சீட்டாட்டத்தில் வென்றார். 1977இல் ஹான் பெருமையடித்துக்கொள்ளும் கெஸல் பயணத்துக்கும் விளக்கம் உண்டு. பார்செக் என்பது தொலைவின் அலகு. அதை ஹான் நேரக் கணக்குப்போலச் சொன்னார் என்று ரசிகர்கள் பல ஆண்டுகள் வாதிட்டு வந்தார்கள். அவர் குறுக்கு வழியில் சென்று தொலைவைக் குறைத்தார் என்று படம் அந்த வாதத்தை முடித்துவைக்கிறது.

டெத் ஸ்டாரின் பலவீனத்துக்கு 'ரோக் ஒன்' தந்த விளக்கத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கே விளக்கம் ஒரு மனிதரின் வாழ்க்கையைத் திறந்தது. இங்கே விளக்கம் ஒரு வினாடி வினாவுக்குரிய விடையாக நின்றுவிடுகிறது. முதல் படத்தில் ஹானின் கவர்ச்சியில் பாதி, அவர் சொல்வது உண்மையா அளப்பா என்று தெரியாததில் இருந்தது. எல்லாம் உண்மைதான் என்று நிறுவும்போது கதாபாத்திரம் சிறுத்துப்போகிறது. இவற்றுள் பெரும்பாலானவை கதையில் குறுகிய காலத்துக்குள் நடந்துவிடுவது, நீண்ட அனுபவங்களால் உருவானவர் என்று தோன்றிய மனிதரை ஒரே பயணத்தின் விளைவாக ஆக்குகிறது.

படத்தின் பெரிய சிக்கல் இறுதியில் வருகிறது. ஹான் தான் திருடிய விலைமதிப்புள்ள எரிபொருளை, ஒடுக்கப்பட்டவர்களுக்காகப் போராடும் என்ஃபிஸ் நெஸ்ட் என்னும் இளம்பெண்ணிடம் ஒப்படைத்துவிடுகிறார். 1977ஆம் ஆண்டுப் படத்தில் ஹானின் வளர்ச்சி இதே இடத்தில்தான் நிகழ்கிறது. பணத்துக்காக வந்தவர், பணத்தை வாங்கிக்கொண்டு புறப்பட்டவர், கடைசி நேரத்தில் நண்பருக்காகத் திரும்பி வருகிறார். அதே திருப்பத்தைப் பத்தாண்டுகள் முன்னதாகவே நிகழ்த்திவிட்டால், பின்னர் வரும் திருப்பம் மீண்டும் நடப்பதாகிவிடும். முன்கதை, தான் சார்ந்த மூலக்கதைக்கு வலிமை சேர்க்க வேண்டும். 'ரோக் ஒன்' பார்த்தபின் பழைய படத்தின் பதக்கக் காட்சி கனத்துப்போகிறது. 'சோலோ' பார்த்தபின் ஹானின் வருகை இலேசாகிவிடுகிறது.

இத்தனைக்கும் 'சோலோ' சலிப்பான படம் அன்று. பிராட்ஃபோர்டு யங்கின் மங்கிய ஒளிப்பதிவு, மிம்பன் கோளின் பதுங்குகுழிப் போர், பனிமலைமீது ஓடும் ரயிலில் நடக்கும் கொள்ளை ஆகியவை நன்றாக அமைந்துள்ளன. டொனால்ட் குளோவரின் லாண்டோ, பழைய நடிகரைப் போலிசெய்யாமல் அவரை நினைவூட்டுகிறார். எமிலியா கிளார்க் நடித்த கீரா, பிழைத்திருப்பதற்காகத் தான் செய்தவற்றைச் சொல்ல மறுக்கும் பெண். 'ரோக் ஒன்' காசியனுக்கு நெருங்கியவர் அவர்தான். படம் அவரைப் பின்தொடர்ந்திருந்தால் முற்றிலும் வேறு கதையாகியிருக்கும்.

தயாரிப்புச் சிக்கல்கள்

'சோலோ'வைத் தொடங்கிய இயக்குநர்கள் பில் லார்டு, கிறிஸ்டபர் மில்லர் இருவரும் 2017 ஜூனில், படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே நீக்கப்பட்டனர். ரான் ஹோவர்ட் பொறுப்பேற்றுப் பெரும்பகுதியை மீண்டும் எடுத்தார். செலவு 25 கோடி டாலரைத் தாண்டியது. முதன்மை வரிசையின் 'தி லாஸ்ட் ஜெடை' வந்து ஐந்து மாதங்களே ஆன நிலையில், 2018 மே 25 அன்று படம் வெளியானது.

தோல்விக்கு இவையே காரணம் என்று பலரும் எழுதினர். ஆனால் 'ரோக் ஒன்'னும் அமைதியாக உருவானது அன்று. அதன் மறுபடப்பிடிப்பை டோனி கில்ராய் மேற்பார்த்தார். முன்னோட்டத்தில் இடம்பெற்ற பல காட்சிகள் இறுதிப் படத்தில் இல்லை. இசையமைப்பாளரும் மாறினார். மைக்கேல் ஜக்கினோவுக்கு இசையமைக்க நாலரை வாரமே கிடைத்தது. குழப்பத்திலிருந்து ஒரு படம் தெளிவுடன் வெளிவர, மையத்தில் ஒரு வலுவான கேள்வி இருந்தது உதவியது. வரைபடத்துக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதே அது. 'சோலோ'வின் கேள்வி ஹானுக்கு இவையெல்லாம் எப்படிக் கிடைத்தன என்பது. முதல் கேள்விக்கு விடை காண மனிதர்கள் வேண்டும். இரண்டாவதற்குப் பட்டியல் போதும்.

தனித்து நிற்றல்

தனிப்படம் என்ற பெயருக்கு இரண்டு படங்களும் முழுமையாகப் பொருந்தவில்லை. 'ரோக் ஒன்' வழக்கமான மஞ்சள் எழுத்து முன்னுரையைக் கைவிட்டுத் தன் விலகலை அறிவித்தது. அதன் கதாபாத்திரங்களுக்குத் தொடக்கமும் முடிவும் படத்துக்குள்ளேயே உண்டு. ஆனால் கடைசி நிமிடங்கள் 1977ஆம் ஆண்டுப் படத்தின் வாசலில் போய் நிற்கின்றன. இருண்ட நடைபாதையில் டார்த் வேடர் கிளர்ச்சி வீரர்களைக் கொன்றுகொண்டு வரும் காட்சி ரசிகர்களின் ஆரவாரத்தைப் பெற்றது. அது வில்லனின் வலிமையைக் கொண்டாடுகிறது என்ற குற்றச்சாட்டும் நியாயமானது. எனினும் அதே காட்சியில் வேறொன்றும் நடக்கிறது. பாதி திறந்து சிக்கிக்கொண்ட கதவின் இடுக்கு வழியாக, பெயர் சொல்லப்படாத ஒரு வீரர் வரைபடத்தை மறுபுறம் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு இறக்கிறார். படத்தின் கருப்பொருள் அந்தக் கையளிப்பில் இருக்கிறது.

'சோலோ' தனித்து நிற்பதில் இதைவிடப் பின்தங்குகிறது. கீரா தன் தலைவரைக் கொன்றபின் தொடர்புகொள்ளும் மேலாளராக டார்த் மால் தோன்றுகிறார். 1999ஆம் ஆண்டுப் படத்தில் இரண்டாக வெட்டப்பட்டவர் அவர். உயிர்பிழைத்த கதை அசைவூட்டத் தொடரில் சொல்லப்பட்டது. அதைப் பார்க்காதவர்களுக்கு இந்தக் காட்சி புதிராகவே இருக்கும். அடுத்த பாகத்துக்காகத் திறந்துவைக்கப்பட்ட அந்தக் கதவு வழியாக எந்தப் படமும் வரவில்லை.

இறந்த நடிகரின் முகம்

பழைய கதாபாத்திரங்களை மீண்டும் காட்டுவது எப்படி என்ற சிக்கலுக்கு இரண்டு படங்களும் இரு வேறு விடைகளைத் தந்தன. 'ரோக் ஒன்', 1994இல் மறைந்த பீட்டர் குஷிங்கின் முகத்தைக் கணினி வரைகலையால் உருவாக்கி, கை ஹென்றி என்னும் நடிகர்மீது பொருத்தி, கிராண்ட் மாஃப் டார்க்கினை மீட்டெடுத்தது. இளம் லேயாவின் முகமும் அவ்வாறே உருவாக்கப்பட்டது. படம் வெளிவந்த சில நாட்களில், 2016 டிசம்பர் 27 அன்று, கேரி ஃபிஷர் மறைந்தார். அதன்பின் அந்தக் காட்சியை முன்போல் பார்ப்பது பலருக்கும் இயலாமல் போனது.

தொழில்நுட்பம் வியக்கத்தக்கது என்றாலும், இங்கே படம் தன் நோக்கத்துக்கு எதிராகச் செயல்படுகிறது. மறக்கப்பட்ட எளியவர்களைப் பற்றிய கதையில், புகழ்பெற்ற முகம் ஒன்றைத் திரும்பக் கொண்டுவர இவ்வளவு உழைப்பு தேவையா என்ற கேள்வி எழுகிறது. டார்க்கினாக வேறொரு நடிகர் ஒப்பனையுடன் நடித்திருந்தால் கதைக்கு ஒன்றும் குறைந்திருக்காது. 'சோலோ' துணிந்து புதிய நடிகரைப் பழைய பாத்திரத்தில் அமர்த்தியது. இந்த ஒரு விஷயத்தில் அதுவே நேர்மையான வழி. ஆனால் 'சோலோ'வின் வணிகத் தோல்விக்குப் பின் அந்த வழி எப்போதும் பின்பற்றப்படவில்லை. 2020இல் 'தி மாண்டலோரியன்' தொடரில் இளம் லூக் ஸ்கைவாக்கர் தோன்றியபோது கணினி முகமே பயன்படுத்தப்பட்டது.

பிந்தைய விளைவுகள்

'சோலோ'வுக்குப் பின் திரையரங்குக் கிளைப்படத் திட்டங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. படமாகப் பேசப்பட்ட ஓபி-வான் கெனோபியின் கதை 2022இல் தொலைக்காட்சித் தொடராக வந்தது. அதே ஆண்டு டோனி கில்ராய் உருவாக்கிய 'ஆண்டோர்' தொடரும் வெளியானது. 2025இல் நிறைவுபெற்ற அதன் 24 பகுதிகள், காசியன் எப்படி அந்தச் சந்தில் உளவாளியைக் கொல்லும் மனிதரானார் என்பதைச் சொல்கின்றன.

'ஆண்டோர்' ஒரு கிளைப்படத்தின் முன்கதை. பட்டியலிட்டு விளக்கும் ஆபத்து அதற்கும் இருந்தது. ஆனால் அது காசியனின் துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று தேடுவதில்லை. முதல் பருவத்தில் சிறைக்கைதிகள் நாள்தோறும் போட்டிபோட்டு ஏதோ ஓர் இயந்திர உறுப்பைச் செய்கிறார்கள். அது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. அவை டெத் ஸ்டாரில் பொருத்தப்படுவதைப் பருவத்தின் கடைசிக் காட்சி காட்டுகிறது. காசியனைக் கொல்லப்போகும் ஆயுதத்தில் அவருடைய கையுழைப்பும் இருக்கிறது. ஒரு முன்கதை மூலக்கதைக்குக் கொடுக்கக்கூடிய கனம் இத்தகையது.

மதிப்பீடு

'சோலோ'வின் தோல்வியிலிருந்து ஸ்டார் வார்ஸ் படங்களை ஆண்டுதோறும் வெளியிடக் கூடாது என்ற பாடத்தைத் தயாரிப்பாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அது பாதி உண்மை. புகழ்பெற்ற பாத்திரத்தின் இளமையைச் சொல்வது பாதுகாப்பான முதலீடு என்றும், யாரும் அறியாதவர்கள் அனைவரும் இறக்கும் கதை ஆபத்தானது என்றும் கணக்கிடுவது வணிக இயல்பு. இந்த இரண்டு படங்களின் வரலாறு அந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது.

நாயகர்களின் கதைகள் ஏற்கெனவே முழுமையாகச் சொல்லப்பட்டுவிட்டன. அவற்றின் விடுபட்ட பக்கங்களை நிரப்பும்போது, வாசகர் தாமே கற்பனை செய்துகொண்ட ஒன்று பறிபோகிறது. சொல்லப்படாதவர்களின் கதையில் பறிபோக எதுவும் இல்லை. வெற்றி விழாவில் பெயர் வாசிக்கப்படாதவர்கள் எல்லாப் போர்களிலும் இருந்திருக்கிறார்கள். 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை' படத்திலும், இரண்டாவது டெத் ஸ்டார் பற்றிய தகவலுக்காகப் பலர் உயிரிழந்தனர் என்ற செய்தி ஒரே வரியில் கடந்துபோகிறது. அத்தகைய ஒரு வரியில் நின்று, இறந்தவர்கள் யார் என்று கேட்டதே 'ரோக் ஒன்' படத்தின் சாதனை.